மாமாவை வெளியே அனுப்பிய டாக்டர்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் பீபி பார்க்கும் புது மெஷின், டப்பாவோடு இருந்தது. அந்த அம்மாள் எதிர் வரிசையிலிருந்த தன் தங்கையிடம் சொன்னாள்:

“உங்க மாமாவ வெளிய அனுப்புனாதான்டி எனக்கு பீபி எறங்குது.”

“என்னக்கா சொல்ற?”

“மொதல்ல டாக்டரு பாத்தப்ப நூத்தி அறுவது. இவரு பக்கத்துல நின்னுக்கினு, எவ்ளோ வருது, எவ்ளோ வருதுன்னு என்னையே கேட்டுக்கினு இருந்தாரு. நானும் பதில் சொல்லிக்கினு இருந்தேன். டாக்டரு இவர வெளிய உக்கார வச்சிட்டாரு. என்ன நல்லா சாஞ்சி உக்காந்து அஞ்சு நிமிசம் பேசாத இருக்கச் சொல்லி, திரும்பப் பாத்தாரு. நூத்தி முப்பத்தி நாலு.”

“அப்ப மாத்திர வேணாமா?”

“இன்னும் தெரியல. ஒரு வாரம் வீட்லயே காலைல சாயங்காலம் இதே மாதிரி பாத்து எழுதிக்கினு வரணுமாம். அதப் பாத்துட்டுதான் சொல்லுவாராம். ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் போடணுமேன்னுதான்டி எனக்கு பயம்.”

அதுவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

“ஒரு வாரமும் நா வெளிய நிக்கணுமா? மழ வந்தா?”

“உள்ளயே இரு. வாயத் தொறக்காத இருந்தா போதும்.”

“அஞ்சு நிமிசமா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுக்கு மழைலயே நின்னுக்கறேன்.”

அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். புத்தலப்பட்டு தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. எல்லோரும் முன் கம்பியைப் பிடித்தோம். அவர் மட்டும் மெஷின் டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.