அறுவைக்கு முன் பதிந்த குரல்

கழுத்து நொந்தவர்க்குக் கைகொடுத்த கருணையே! அறுவை அரங்கின் அணையா விளக்கே! கோட்டுச்சேரி தந்த குணக்குன்றே, எங்கள் செவிலி சலோமி அம்மையீர்! பணி நிறைந்து விடைபெறும் உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறோம். உங்கள் கதைதான், நீங்களே சொல்லக் கூசுவது. இன்னும் கிட்ட வாருங்கள் அம்மா, காது கொடுங்கள்.

காரைக்காலில் ஆஸியா பீவி என்றொரு பெண். கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி, நரம்பை நெரித்து, வலக்கை மரத்துப்போயிற்று. பிடித்த குவளை நழுவும். ஊசியில் நூல் கோக்க விரல் வராது. முன்கழுத்தில் சிறிதாகக் கீறி, பிதுங்கியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாங்கி ஒன்று வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். கேட்டவளுக்குக் கையின் நினைப்பே போய்விட்டது.

"தொண்டைப் பக்கமா அறுத்தா குரல் போயிடாதா சிஸ்டர்? குவைத்துல இருக்கிற மச்சானுக்கு நான் குடுக்கிறது இந்தக் குரலை மட்டுந்தானே?"

கணவர் ரஃபீக் ஊர் வந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் அனுப்பும் குரல்பதிவைக் கேட்டுத்தான் அங்கே அவர் பகல் சோற்றில் கைவைப்பார்.

நீங்கள் பொய்த்தேறுதல் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்குக் கம்மும் ஆஸியாம்மா. பெரும்பாலும் திரும்பிடும்; முழுசா திரும்பாதவங்களும் ஒண்ணு ரெண்டு உண்டு. இப்பவே பேசிப் பதிஞ்சு வையுங்க, நாளுக்கு ஒண்ணா நான் அனுப்புறேன்." அஞ்சி வருவோர்க்கெல்லாம் நீங்கள் செய்துவந்த உபாயம் அது. அவளும் கண்விழித்த நாள் முதல் வீடு திரும்பும் நாள் வரைக்கும் முன்கூட்டியே பேசிவைத்தாள்.

அறுவை நலமாய் முடிந்தது. ஆனால் அம்மா, எதிலும் தவறாத நீங்கள் அன்றைய அவசரத்தில் கடைசிப் பதிவை முதலில் அனுப்பிவிட்டீர்களே!

உடனே அழைப்பு வந்தது. கைபேசியை அவள் காதருகே பிடித்தீர்கள்.

"ஏம் புள்ள, காலையிலதான் கத்தி வச்சாங்க. அதுக்குள்ள தையல் பிரிச்சு நெய்ச்சோறும் ஆக்கிட்டியா?"

கழுத்துப் பட்டைக்குள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கிடந்தாள் ஆஸியா. பேசினால் குரல் கம்மியது தெரிந்துவிடும், பேசாவிட்டால் பதறிப்போவார். "மச்சான்" என்றாள். காய்ந்த ஓலையில் காற்று உரசினாற்போல் வந்தது.

"குரல் போச்சு மச்சான்."

"இருக்கே புள்ள! நீ அனுப்புனது முன்னாடியே பேசி வச்சதுதானே. இதுதான் நீ இப்ப பேசுறது. இன்னொரு தரம் கூப்புடு."

கூப்பிட்டாள். கடல் கடந்து அவர் விம்மியது உங்களுக்கும் கேட்டது. மிச்சப் பதிவுகளை நீங்கள் அனுப்பவே இல்லை. நாளடைவில் கை தேறிற்று. குரலில் மட்டும் ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. அது கேளாவிடில் ரஃபீக்குக்குச் சோறு இறங்குவதில்லையாம்.

அன்பே உருவான அம்மையீர்! நாளை முதல் அரங்கின் வாசலில் படுத்திருப்பவர் உள்ளங்கையை யார் பற்றுவார்? "நானும் உள்ளதான் இருப்பேன், வாங்க" என்று யார் சொல்வார்? உங்கள் செருப்பொலி கேட்டுப் பழகிய எங்கள் செவிகள் ஏங்கித்தான் கிடக்கும்.

உங்கள் துணைவர் வில்சன் ஐயாவும் நீங்களும் நோயின்றி நூறாண்டு வாழ்க! உங்கள் வீட்டில் அடுப்பு குளிராதிருக்கட்டும், வாசலுக்கு வருவோர் குறையாதிருக்கட்டும், தொலைவில் பிழைக்கும் பிள்ளைகள் நல்லபடியாய் வந்து சேரட்டும்!

பிரிவாற்றாமல்,
கழுத்து, தண்டுவட அறுவைப் பிரிவு ஊழியர்கள்,
காரைக்கால்.