இலையைத் திருப்பிய கை

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கு மணியையும் அருகில் வைத்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த தாய்மார்களே, தந்தையரே! என்னோடு அயல்நாட்டுக் கல்விப் பயணம் வந்து என் பெட்டியையும் சேர்த்துச் சுமந்த மாணவ மணிகளே! அடுத்த ஆண்டு பயணம் உண்டா, இல்லையா என்று கடைசி வரிசையில் நகம் கடிக்கும் இரண்டாமாண்டுச் செல்வங்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை ஏறினால் என் பேச்சு எங்கெங்கோ போய்விடும். ஆகவே சொல்ல வந்ததை எண் போட்டே சொல்லிவிடுகிறேன். வழி தவறினால் நீங்கள் என்னைப் பிடித்துக் கொண்டுவந்து விடலாம்.

ஒன்று: அயல்நாட்டு வேளாண்மையில் நாங்கள் கண்டது.
இரண்டு: அங்கே எங்களால் நேர்ந்த பிழை.
மூன்று: அந்தப் பிழையின் காரணமாக, அடுத்த ஆண்டுப் பயணம் வேண்டாம் என்ற என் பரிந்துரை. அதைக் கேட்டபின் இன்றே முடிவு சொல்வதாக முதல்வர் கூறியிருக்கிறார்.

பின்னால் 'ஐயோ' என்கிறீர்கள். பொறுங்கள், இன்னும் ஒன்றுக்கே வரவில்லை.

என்ன கண்டோம்? மண்ணே இல்லாமல் மண்டிக் கிடந்த கீரையைக் கண்டோம். மாடு தானே நடந்து வந்து மடியைக் கொடுத்து நிற்கும் கறவைக்கூடம் கண்டோம். மழைநீர் கூரையிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து வேருக்கும் போகக் கண்டோம். கண்டோம், வியந்தோம், களைத்தோம், வண்டியில் ஏறியதும் உறங்கினோம். கை தட்டுகிறீர்களே, உறங்கியதற்கா?

இரண்டாவது. விதைக்கென்றே தக்காளி வளர்க்கும் ஒரு கண்ணாடிக்கூடம். அதன் உரிமையாளர் ஒரு பெண்மணி. வாசலில் செருப்பை நனைக்க மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு. உள்ளே போக வெள்ளை அங்கி, கையுறை. அங்கேயே குடியேறிவிட்ட நம் மொழிக்காரர் எங்கள் வண்டி ஓட்டுநர், மொழிபெயர்ப்பும் அவரே. அந்த அம்மா மூச்சுவிடாமல் பேசினார். ஓட்டுநர் எங்கள் பக்கம் திரும்பி, "எதையும் தொடாதீங்கன்னு சொல்றாங்க" என்றார்.

"இவ்வளவு நேரம் பேசினாங்களே அண்ணே?" என்றான் ஒரு மாணவன்.

"மிச்சமெல்லாம், தொட்டா என்ன பண்ணுவேன்னு சொன்னாங்க தம்பி."

எங்கள் குழுவில் ஒரு மாணவி. கழுத்தில் எப்போதும் உருப்பெருக்கி தொங்குவதால் தோழிகள் வைத்த பெயர் லென்ஸ். இலையைக் கண்டால் திருப்பிப் பார், பூச்சி அடிப்புறத்தில்தான் குடியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆசிரியர்களான நாங்கள். அங்கே ஒரு செடியில் இலையோரம் லேசாகச் சுருண்டிருந்தது. உறையோடு தொட்டால் இலையின் மேலுள்ள ரோமம் விரலுக்குத் தெரியாதே! கையுறையைக் கழற்றினாள். இலையைத் திருப்பினாள்.

அந்த அம்மா கத்தவில்லை. மெல்ல ஏதோ சொன்னார்.

"இந்த வரிசையே போச்சாம்" என்றார் ஓட்டுநர். "கை பட்டுப் பரவுற நோய் இருக்காம். மருந்து கிடையாதாம். வரிசையோட பிடுங்கிடணுமாம்."

காய் சிவக்கத் தொடங்கிய பருவம், அவையோரே!

"நான் தொட்டது, நானே பிடுங்குறேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் லென்ஸ்.

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். புதிய கையுறை ஒரு ஜோடி நீட்டினார். இருவரும் எதிரெதிரே குனிந்து, செடி செடியாகப் பிடுங்கிப் பையில் கட்டினார்கள். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். வண்டிக்கு வந்தவள், "காய்ச்ச செடிங்கய்யா" என்றாள்.

ஆகவே மூன்றாவது. விருந்தாளியாகப் போன இடத்தில் விளைந்ததை அழித்துவிட்டு வருவது முறையா? பயிரைப் படத்தில் பார்த்தால் போதாதா? படத்தில் உள்ள செடியை யாரும் தொட முடியாதல்லவா? ஆதலால் அடுத்த ஆண்டு...

என்ன தம்பி? எழுந்து சொல்லுங்கள். 'உங்களையே வாசல்ல நிறுத்துனாங்களே, அதையும் சொல்லுங்கய்யா'வா?

சிரிப்பைப் பார்த்தால் ஊருக்கே தெரிந்திருக்கிறது. அது என் குறிப்பில் இல்லை. கேட்டபின் மறைப்பது அழகில்லை. சென்ற வாரம் நம் கல்லூரிப் பசுமைக்குடிலுக்குப் போனேன். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு. பக்கத்தில் சோப்பு. குறுக்கே லென்ஸ்.

"ஐயா, செருப்பை நனைச்சு, கையைக் கழுவிட்டு வாங்க."

"நான்தாம்மா. ஆள் தெரியலையா?"

"தெரிஞ்சதாலதாங்கய்யா. இலையைத் திருப்பாம நீங்க நகரவே மாட்டீங்களே!"

எனக்குப் பின்னால் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் கை கழுவ வரிசையில் நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கழுவினேன்.

இப்போது, உங்கள் முன் நிற்கும்போதுதான் யோசிக்கிறேன். அந்தப் பாடம் நம் புத்தகத்தில் இல்லையா? இருந்தது. நடத்தவில்லையா? நானே நடத்தினேன். தேர்வில் கேட்கவில்லையா? கேட்டேன், மதிப்பெண்ணும் போட்டேன். ஆனால் நம் வாசலில் ஒரு தட்டு இருந்ததா? காய்த்த செடியைப் பிடுங்கிய கையல்லவா அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தது! படத்தில் மட்டும் பார்த்த கை அதை வைத்திருக்குமா?

இன்னொன்று. நாங்கள் புறப்படும்போது அந்த அம்மா வண்டிவரை வந்தார். "அடுத்த தடவை கையைக் கட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க" என்றார் ஓட்டுநர். அதைத் திட்டு என்றே எடுத்துக்கொண்டேன். 'அடுத்த தடவை' என்ற சொல் இன்றுதான் என் காதில் விழுகிறது.

மணியைத் தொடுகிறீர்கள் அம்மா, இதோ முடித்தேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பின்வரிசையிலிருந்து என்னை மடக்கிய தம்பிக்கும் என் நன்றி. நான் சொன்னதில் ஒன்று சரி. இரண்டும் சரி. மூன்றாவது தவறு; பிள்ளைகளை அனுப்புங்கள். வணக்கம்.