சக்கரத்தில் அளந்த குதிரைத்திறன்

பழைய அமெரிக்கக் கார்களின் விளம்பரத் தாளை நம்பக் கூடாது. 450 குதிரைத்திறன் என்று போட்டிருப்பார்கள். அது எஞ்சினை மட்டும் தனியே வைத்து, விசிறி, சைலன்சர் எதுவும் பூட்டாமல் அளந்த கணக்கு. ஸ்டுட்கார்ட்டில் என் பட்டறையில் காரை உருளைகள் மேல் ஏற்றி, சக்கரத்துக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பேன். சேயோனின் 1970ஆம் ஆண்டுக் கார் 310தான் காட்டியது. அவன் முகம் வாடிவிட்டது.

சேயோன் என் மகள் கவிசாவுக்கு நிச்சயித்திருந்த பையன். ஐந்து வருடங்களுக்கு முன் அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மணிக்கு நூற்றெழுபதில் போய் மரத்தில் மோதினான். அவள் இருந்த பக்கம்தான் நசுங்கியது. அவனுக்கு மூக்கில் நாலு தையல். செத்தவீட்டில் என் காலைப் பிடித்து அழுதான்.

"எழும்பும் தம்பி" என்றேன். பெரிய மனம் என்று ஊரே சொன்னது. பிறகு நீதிமன்றமும் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. வேறு கல்யாணம் கட்டிய பின்னும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டான். கார் வாங்கியதும் என்னிடமே கொண்டு வந்தான்.

கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட் எல்லாம் மாற்றி, மூன்று வாரத்தில் 410க்கு ஏற்றிக் கொடுத்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறு எந்தக் காருக்கும் செய்ததில்லை.

கடைசியாக இடது முன் சக்கரத்தின் பிரேக் ட்ரம்மைக் கழற்றி, உள்ளே கிரீஸ் பூசி மூடினேன். மெதுவாக ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. வேகத்தில் அழுத்தினால் முன்னால் வலது சக்கரம் மட்டும் பிடிக்கும். கார் வலப்பக்கம் பாயும்.

சனிக்கிழமை காலை, நான் சொல்லியிருந்தபடியே, மனைவி கம்சனாவையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, பிரேக் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்."

அது பொய்யில்லை.

கம்சனா எனக்கென்று ஒரு டப்பாவில் பால் ரொட்டி சுட்டுக் கொண்டு வந்திருந்தாள். "இவர் வேகமா ஓடினா நான் இறங்கி நடந்து வந்திடுவன், மாமா" என்று சிரித்தாள். அமெரிக்கக் காரில் ஓட்டுபவர் இருப்பது இடப்பக்கம். அவளுக்கு வலப்பக்கக் கதவை நானே திறந்து பிடித்தேன்.

காட்டுப் பாதையின் மூன்றாவது வளைவில் அவன் பிரேக்கை அழுத்தினான். ஆம்புலன்ஸ் வரும்போது அவள் உயிருடன் இல்லை. அவனுக்குக் கை முறிந்தது, அவ்வளவுதான்.

சேயோனைக் கொல்ல முயன்றதாகக் குற்றப்பத்திரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துங்கள். அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் இடது சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் ஐந்து வருடம் இருந்த மாதிரி அவனும் இருக்க வேண்டும்.

கம்சனா நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.