வரைகோட்டில் ஒரு பள்ளம்

ஆட்டுக்கிடை போட்ட வயலில் பயிர் கருகருவென்று வரும், இன்ஸ்பெக்டர் சார். அதற்காகத்தான் ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் இசக்கித்துரையைக் கூப்பிடுவேன். என் வயல் வாசுதேவநல்லூர்ப் பக்கம், கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருக்கிறது. அவன் ஆடுகளை ஓட்டிவந்து, வலை கட்டி அடைத்துவிட்டு, அங்கேயே தங்கிக்கொள்வான். இதில் தப்பாக எதுவும் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. மெதுவாகக் கசியும்வரை கணக்கு எளிது. அழுத்தம் இரட்டித்தால் வரும் நீரும் இரட்டிக்கும். வேகம் கூடிவிட்டால் அந்த விதி செல்லாது. தண்ணீர் கல்லில் மோதிச் சுழலும், பக்கத்து மண்ணை அரிக்கும். அதற்கு நான் ஒரு சமன்பாடு எழுதினேன். ஆய்வகக் குழாயில் சரியாக வந்தது. ஆனால் ஆய்விதழ்காரர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். உண்மையான கரை ஒன்றில் அளந்து காட்டு என்றார்கள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

எங்கள் கண்மாய்க் கரையை முந்தின வருஷம் செப்பனிட்டபோது, ஓரிடத்தில் களிமண்ணுக்குப் பதில் வெறும் சரளையைக் கொட்டி மூடிவிட்டார்கள். நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கசிவை அளக்கும் கருவிகளை அங்கே பதித்தேன். கண்மாய் நிறைந்தால் கரை அந்த இடத்தில் உடையும் என்று என் கணக்கு சொன்னது. அது என் வயலுக்கு நேராக இருந்தது.

கருவி பதித்த வருஷம் புரட்டாசியிலேயே மலையில் மழை பிடித்து, கண்மாய் நிறைந்துவிட்டது. வயலில் கிடை இருந்தது. காலையில் இசக்கித்துரை என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, கரையடியில ஊத்து எடுக்கு. கிடைய மேட்டுக்குக் கொண்டு போயிரட்டா?”

“ஒண்ணும் ஆவாதுலே. நாந்தான் மெஷின் வச்சு அளந்துக்கிட்டு இருக்கேம்லா.”

“நீங்க படிச்சவிய. நீங்க சொன்னா சரிதான்.”

அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் கிடை நகர்ந்தால் ஏன் என்று ஊர் கேட்கும். கேட்டால் மடையைத் திறந்துவிடுவார்கள். கண்மாய் வடிந்துவிட்டால் மறுபடி எப்போது நிறையும் என்று யாருக்குத் தெரியும்? என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

மத்தியானம் கசிவு கலங்கலாகிவிட்டது. நான் கரைக்கோடியில் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்து, போனில் பதிவாகும் கசிவின் வரைகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கணக்குப் போட்ட பாதையிலேயே கோடு ஏறியது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. திடீரென்று கோடு கீழே இறங்கியது. கருவி கெட்டுவிட்டதோ என்ற எரிச்சலோடு எழுந்து பார்த்தேன்.

கரையடியில் கசிவு அரித்த துளையில் இசக்கித்துரை வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தான். கரையில் ஓட்டை விழுந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஓடமாட்டார்கள். கையில் கிடைத்ததை வைத்து அடைப்பார்கள். வைக்கோல் நிற்கவில்லை. அவன் திரும்பி, துளைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணாச்சி, செல்லப்பாவுக்குப் போன் போடுங்க. மடையத் தொறக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் தாங்கிக்கிடுதேன்.”

செல்லப்பாதான் மடை திறப்பவர். அவருடைய எண் என் போனில் இருந்தது. ஆனால் பேசினால் பதிவு நின்றுவிடும். அது பழைய போன்.

கரை பெரிய சத்தம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்தது. அவனையும் ஆடுகளையும் மறுநாள் ஓடையில் கண்டெடுத்தார்கள். அவன் மனைவி ஆறுமுகத்தாய் என்னிடம் வந்து, “கடைசியா அங்கன இருந்தது நீங்கதான். ஏதும் சொன்னாவளா?” என்று கேட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

கட்டுரையை இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். வரைகோட்டில் ஏன் ஒரு பள்ளம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். தற்காலிக அடைப்பு என்று எழுதினேன். அது பொய்யில்லை.

கரை உடையும் என்று எனக்குத் தெரியும். அவனை அங்கே இருக்கச் சொன்னது நான்தான். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை நான் கைவிட்டுவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அதை மட்டும் நீங்கள் திருத்த வேண்டும், சார். நான் ஓடிப்போகவில்லை. கடைசிவரை அங்கேயேதான் இருந்தேன்.