இரண்டாம் ஞாயிறு, நாலு மெழுகுவத்தி

— இது வருகைக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, பிரின்சி. ஞாயிற்றுக்கு ஒன்றாக இன்று இரண்டு மெழுகுவத்திதான். ஆராதனை முடிந்து சபை கலைந்ததும் நாலையும் ஏற்ற உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்? சபைச் செயலாளர் நானா, நீயா?

— நீங்கதான் இம்மானுவேல் சார். கோயில்ல செக்ரட்டரி, கம்பெனில சூப்பர்வைசர். ரெண்டு எடத்துலயும் பேசறது நீங்க, பெருக்கறது நாங்க.

— காத்திருத்தல் ஒரு தவம். அதைப்பற்றிப் பதினேழு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்டர் கூப்பிடவே இல்லை. கை தூக்கினேன். என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு பாட்டு எண் சொல்கிறார்.

— பேஜாரா இருந்திருக்கும்.

— என் செயலாளர் நாற்காலியில் ஜோஷ்வா உட்கார்ந்திருந்தான். எழுந்திரு என்றேன். மப்ளரை எடுத்துக் காதைச் சுற்றிக்கொண்டான்.

— அத்த உடுங்க. எனக்கு நாளிக்கி கெடு. எங்க வூட்டுக்காரரு ராபின் செத்துட்டாருன்னு கம்பெனில கையெழுத்து கேக்கறாங்க.

— போட்டுவிடு. விதிமுறை.

— அன்னிக்கி காலைல எங்கிட்ட சண்ட போட்டுக்கினு கெளம்பினாரு. ஸ்டேஷன்ல பாத்தவங்க இருக்காங்க. வேலைக்கு உள்ள நொழஞ்சாரா, ரயிலேறி சூலூர்பேட்டை பக்கம் போய்ட்டாரான்னு ஒருத்தருக்கும் தெரில. ஃபர்னஸ் வெடிச்சப்புறம் ஆளும் வரல, ஒடம்பும் கெடைக்கல. அதான் நாலையும் ஏத்திட்டேன். எனக்கு இன்னிக்கே தெரியணும் சார்.

— அவசர புத்தி. அணை.

— மாட்டேன்.

— நானே அணைக்கிறேன்.

— ஊதுங்க.

— ஊதினேனே.

— ஆடக்கூட இல்ல சார்.

— திரி சரியில்லை. மலிவுச் சரக்கு.

— ஒண்ணு கேக்கறேன். வெடிச்ச அன்னிக்கி ஷிப்டுல இருந்தீங்களே, அந்த ஆளுங்க எல்லாம் இப்ப எங்க?

— கம்பெனி கேட் பக்கத்தில் வரிசையாக நிற்கிறோம். தினமும் நான்தான் பேர் வாசிக்கிறேன். பதினோரு பேர். பஸ்ஸைத்தான் காணோம்.

— ராபினு?

— ஆப்சென்ட். மூன்று வாரமாக ஆப்சென்ட். மெமோ எழுதப் போகிறேன்.

— நல்லா பாத்தீங்களா? புகையில நின்னா எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் தெரியும். எடது காதுல வெட்டு இருக்கும்.

— சூப்பர்வைசருக்கே ஆள் அடையாளம் சொல்கிறாயா? அன்று காலையிலும் நான்தான் பேர் வாசித்தேன். உன் புருஷன் கேட்டுக்குள் காலே வைக்கவில்லை. சோம்பேறி.

— இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்.

— சோம்பேறி.

— அது தெரிஞ்சதுதான். அதுக்கு முன்னாடி சொன்னீங்களே.

— காலே வைக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இப்போது எதற்கு இரண்டை அணைக்கிறாய்?

— ரெண்டாவது ஞாயிறுதான சார். மிச்சத்துக்குக் காத்துக்கினு இருக்கேன், நாளிக்கி கையெழுத்தும் போடமாட்டேன். நீங்க தெனம் பேர் வாசிக்கிற பதினோரு பேரையும் பொணமா எடுத்து மூணு வாரம் ஆச்சி, உங்களையும் சேத்து.