காதுகுத்தில் வந்த மெசேஜ்

வத்தலக்குண்டு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“நேத்து காதுகுத்துல இருந்தப்ப, சாக்கடைத் தண்ணி எனக்கு மெசேஜ் அனுப்புச்சு மதினி,” என்றாள் இளையவள். அவளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலையாம்.

“என்னடி உளறுற?”

“தொட்டிக்குள்ளயே மீட்டர் தொங்குது. அமோனியா கூடுனா அதுவே போனுக்குச் சொல்லிரும். முன்னெல்லாம் பாட்டில்ல பிடிச்சு லேபுக்குக் குடுப்போம். மறுநாள் தெரியிறதுக்குள்ள தண்ணி கண்மாய்க்குப் போயி மீனு செத்து மெதக்கும்.”

“நேத்து?”

“டூட்டில இருந்தவர்கிட்ட போன்ல, தொட்டிக்குள்ள காத்து ஊதுற மோட்டாரைக் கூட்டி வைக்கச் சொன்னேன். பந்தி முடியிறதுக்குள்ள அமோனியா எறங்க ஆரம்பிச்சிருச்சு. அம்புட்டு சந்தோசம்.”

மதினி தலையில் கைவைத்தாள். “அதுக்கா போனைப் பாத்துப் பாத்துச் சிரிச்ச? நீ யாரையோ விரும்புறன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேனேடி!”