தையல் என்று எழுதியவன் நான்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா சர்தார் பாஷா அவர்களே, ஆம்பூரின் ஆன்றோர்களே, ஷிப்ட் முடிந்து நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, தேர்வுக் கனவோடு திரண்டிருக்கும் தம்பி தங்கைகளே, ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் தொழிலாளர் பதிவேடு எழுதும் இந்தச் சாந்தகுமாரின் வணக்கம்.

அரசுத் தணிக்கையாளர் பணிக்கு என்ன தகுதி வேண்டும், எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். பட்டம் வேண்டும், படித்துப் பெறலாம். தேர்வில் தேற வேண்டும், தேறிவிடலாம். பார்த்த வேலையைப் பார்த்தோம் என்று சொல்ல ஒரு தாள் வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

முன்வரிசையில் இருக்கிறாரே கெசியா, பி.காம். பட்டதாரி. எங்கள் கம்பெனியில் ஐந்தாண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருப்பவர். தணிக்கையாளர் தேர்வில் வென்றுவிட்டார். அந்த அறிவிப்பு கேட்பது கணக்குப் பிரிவில் மூன்றாண்டு அனுபவம். வரும் திங்கட்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. போன வாரம் கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றில் இருந்தது என்ன? தையல் தொழிலாளி.

நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, நான் ஒரு நாளாவது மிஷின்ல உக்காந்தேனா? இன்னாண்ணே இது?" என்றார்.

"ரெஜிஸ்டர்ல அப்படித்தாம்மா இருக்குது" என்றேன்.

எழுதியவன் யார்? நான். பெண் வேலைக்கு வந்தால் தையல் என்று பதிவது எங்கள் வழக்கம். ஏன் என்று எனக்கு முன்னிருந்தவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதோ, கெசியா பார்த்தது கணக்கு வேலை, தையல் என்று எழுதியது நான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். "இதக் குடுத்தா நாளைக்கு வேலைக்கு வராத" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அதிகாரிகள் இந்தத் தாளை ஏற்பார்களா, அதுவும் தெரியாது. அஞ்சுகிறேன், ஆனாலும் அளிக்கிறேன். கெசியா, மேல வாம்மா, வாங்கிக்க.

தாய்மார்களே, கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையைப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் வேலை என்ன? அதில் எழுதியிருக்கும் வேலை என்ன?

பின்வரிசையில் எழுந்து நிற்பது யார்? நம் மெர்சி. ஏற்றுமதிப் பிரிவில் பில் போடுபவர். "என்னுதும் ஸ்டிச்சிங்தாண்ணே" என்கிறார்.

ஆமாம்மா, அதையும் நான்தான் எழுதினேன்.

அவர் பக்கத்தில் இன்னும் நால்வர் எழுகிறார்கள். யாரும் உட்கார வேண்டாம். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, தலைவருக்கு வணக்கம். இறங்கி உங்களிடமே வருகிறேன். பேனா இருக்கிறது, ஒவ்வொருவராகப் பெயரும் பார்க்கும் வேலையும் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.